சென்னை – லண்டன்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 8,200 கிலோமீட்டர் என்று இருக்கும், இன்னோரிடத்தில் 8,500 என்று இருக்கும். பயண நேரமும் அப்படித்தான்: ஒன்பது மணி, பத்தரை மணி, பதினொரு மணி என்று ஆளுக்கொரு கணக்கு. இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஒவ்வொரு எண்ணும் வேறொரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். எந்த எண் எந்தக் கேள்விக்கு உரியது என்று தெரிந்துவிட்டால் எந்த இரண்டு நகரங்களுக்கும் நீங்களே கணக்குப் போடலாம்.

லண்டனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிள்ளையையோ பேரக்குழந்தையையோ பார்க்க வயதான அப்பா அம்மா முதன்முதலாக விமானம் ஏறும் வழித்தடங்களில் இதுவும் ஒன்று. அவர்களுக்காகக் கணக்குப் போடும்போது "பதினொரு மணி நேரம்" என்ற ஒற்றை எண் போதாது. வீட்டுப் படி இறங்குவதிலிருந்து அங்கே வீட்டுக்குள் நுழைவது வரை இரண்டு ஊர்க் கடிகாரத்திலும் மணி என்ன என்று தெரிய வேண்டும். அதுவரைக்கும் போய்ப் பார்த்துவிடுவோம்.

படி 1: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

நகரத்திலிருந்து நகரத்துக்குத் தூரம் என்பது தெளிவில்லாத பேச்சு. விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு மீனம்பாக்கம் ஒன்றுதான், குழப்பமில்லை. லண்டனுக்கு ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், லண்டன் சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு இருக்கின்றன. ஹீத்ரோ நகரின் மேற்கே, ஸ்டான்ஸ்டெட் வடகிழக்கே, காட்விக் தெற்கே. எந்த நிலையம் என்பதைப் பொறுத்து இறங்கியபின் வீடு போகும் நேரம் ஒரு மணிக்கும் மேல் கூடும், குறையும். டிக்கெட்டில் நிலையத்தின் பெயரோடு டெர்மினல் எண்ணையும் பார்த்துக் குறித்து வையுங்கள். ஹீத்ரோவில் இப்போது 2, 3, 4, 5 ஆகிய நான்கு டெர்மினல்கள் இயங்குகின்றன. அழைத்துப் போக வருகிறவர் வேறு டெர்மினலில் நின்றால் இரு பக்கமும் பதற்றம்தான்.

படி 2: நேர்த்தூரத்தைக் கணக்கிடுதல்

பூமி உருண்டை என்பதால் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது படியும் கோடு. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். கூகுள் எர்த்தில் அளவுகோல் கருவியை எடுத்து இரண்டு நிலையங்களிலும் சொடுக்கினால் இந்தத் தூரம் உடனே வந்துவிடும். அவசரத்துக்கு அது போதும். ஆனாலும் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பதை நான் சிபாரிசு செய்வேன். பத்தாம் வகுப்பு முக்கோணவியலே போதும். போட்டுப் பார்த்தவருக்கு எண் மனதில் நிற்கும்.

சென்னை விமான நிலையம் 12.99 பாகை வடக்கு, 80.18 பாகை கிழக்கு. ஹீத்ரோ 51.47 பாகை வடக்கு, 0.45 பாகை மேற்கு.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.1758 வரும். அப்புறம் இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்குங்கள். ஹீத்ரோ மேற்கே இருப்பதால் வித்தியாசம் 80.18 + 0.45 = 80.63. இரண்டும் கிழக்கே இருந்தால் கழிக்க வேண்டும். பெருக்கினால் 0.0988. இரண்டு விடைகளையும் கூட்டினால் 0.2746. எந்தக் கோணத்தின் கொசைன் 0.2746 என்று கால்குலேட்டரில் பார்த்தால் 74.06 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர். ஆக, 74.06 × 111.2 = சுமார் 8,235 கிலோமீட்டர்.

கால்குலேட்டர் 'டிகிரி' முறையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விரிதாளில் போட்டால் கோணங்களை ரேடியனுக்கு மாற்ற வேண்டும். விடை அபத்தமாக வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே தட்டை. அதனால் அரை சதவீதம் வரை பிழை வரலாம். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே இல்லை.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில் பேசுவார்கள். அந்த அளவே பூமியின் கோணத்திலிருந்து பிறந்ததுதான்: ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். எனவே 74.06-ஐ 60-ஆல் பெருக்கினால் நேராகவே 4,444 கடல் மைல் கிடைத்துவிடும். சாதாரண மைலில் சுமார் 5,115. இணையத்தில் 'மைல்' என்று பார்த்தால் எந்த மைல் என்று கவனியுங்கள்.

படி 3: அந்தக் கோடு எந்த நாடுகளின் மேல் போகிறது?

பெரும்பாலான வழிகாட்டிகள் தூரத்தைச் சொன்னதும் நேராக வேகத்துக்குத் தாவிவிடுகின்றன. உண்மையான பயண நேரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பாதைதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டையான உலக வரைபடத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரேபியா, துருக்கி வழியாகப் போகும். அந்தக் கோட்டில் ஒரே திசைகாட்டிக் கோணத்தில் பறந்தால் 8,480 கிலோமீட்டர் ஆகும். பெருவட்டப் பாதையைவிட இது கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர் அதிகம். சில இடங்களில் 8,500-ஐ ஒட்டிய எண் வருவதற்கு இப்படிப்பட்ட வித்தியாசங்களும் ஒரு காரணம்.

பெருவட்டப் பாதை சென்னையிலிருந்து வடமேற்காக, மேற்கைவிட வடக்கே சற்றுக் கூடுதலாகச் சாய்ந்து கிளம்புகிறது. மகாராஷ்டிரம், கட்ச், பாகிஸ்தானின் பலுசிஸ்தான், ஈரானின் வடகிழக்கு, காஸ்பியன் கடல், ரஷ்யாவின் தென்பகுதி, உக்ரைனில் ஒடேசாவுக்கு வடக்கே, போலந்தில் கிராகோவ் பக்கம், ஜெர்மனியின் நடுப்பகுதி, பிறகு லண்டன்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போதே சிக்கல் புரிந்திருக்கும். 2022 பிப்ரவரி 24-இல் போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதே மாதத்தில் பிரிட்டனும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களை மற்றொன்று தடை செய்தன. 2025 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது, இந்தியாவும் பதிலுக்கு மூடியது. 2025 ஜூனில் இஸ்ரேல் – ஈரான் மோதலின்போது ஈரான், ஈராக் வான்வெளிகளும் சில நாட்கள் அடைபட்டன. ஆக, கணக்கில் வரும் மிகக் குறுகிய கோட்டில் விமானம் அப்படியே பறக்க முடியாது. தெற்கே அரபிக்கடல், வளைகுடா, துருக்கி வழியாகவோ காஸ்பியன், அஜர்பைஜான், ஜார்ஜியா வழியாகவோ சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. எந்த நாட்டு நிறுவனத்தின் விமானம் என்பதைப் பொறுத்தும் பாதை மாறும்.

எனவே நேர்த்தூரத்தோடு ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்வது என் வழக்கம். லண்டனுக்கு அப்படிப் போட்டால் சுமார் 8,650. அமைதியான காலத்தில் இது கொஞ்சம் அதிகம், பதற்றமான காலத்தில் போதாது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்களில் அது எந்த வழியாகப் போனது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். ஏட்டுக் கணக்கைவிட அது பல மடங்கு நம்பகமானது.

படி 4: வேகமும் காற்றும்

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 50 பாகைக்கும் கீழே இருப்பதால் ஒலியே அங்கு மெதுவாகத்தான் போகும். கணக்குப் பார்த்தால் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர். இது சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்ட வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையை ஒப்பிட்ட வேகம் மாறிவிடும்.

ஏறத்தாழ 30 முதல் 60 பாகை வரையிலான அட்சரேகைகளில், விமானம் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். லண்டன் போகும்போது இது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதன் பலத்துக்கு ஒரு சான்று: 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை ஒப்பிட்ட அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது.

நம் பக்கத்தில் இன்னொரு காற்றும் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று ஓடும். 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம். இதன் உச்சம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கு மேலே என்றாலும் அதன் கீழ்ப்பகுதி ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கே போகிற விமானத்துக்கு முதல் இரண்டு மூன்று மணி நேரம் கொஞ்சம் துணை நிற்கும்.

இனி கணக்கு. லண்டன் போக, எதிர்க்காற்றைக் கழித்துச் சராசரி 850 என்று வைத்தால் 8,650 ÷ 850 = 10 மணி 10 நிமிடம். திரும்பி வர 940 என்று வைத்தால் 9 மணி 12 நிமிடம். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ரன்வே வரை ஊர்ந்து போக வேண்டும், இறங்கியபின் கேட் வரை ஊர வேண்டும். இவற்றுக்கு 40 நிமிடம் கூட்டுங்கள். போக ஏறக்குறைய 10 மணி 50 நிமிடம், வர 9 மணி 50 நிமிடம். நேரடி விமானங்களின் அட்டவணை நேரத்தோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

இதே முறையைச் சிங்கப்பூருக்குப் போட்டுப் பாருங்கள். நேர்த்தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதை என்பதால் காற்றின் விளையாட்டு குறைவு. 900 என்றே வைத்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். சென்னையிலிருந்து துபாய்க்குச் சுமார் 2,930 கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூருக்குள்ள தூரமேதான். இரண்டுக்கும் நட்டநடுவில் சென்னை இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

குறுகிய தூரத்துக்கு மட்டும் இந்தச் சூத்திரம் வேலை செய்யாது. சென்னை – யாழ்ப்பாணம் 360 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அங்கே பறப்பது மணிக்கு 500 கிலோமீட்டர் போகிற சிறிய ஏடிஆர் விமானம். பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும். ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: டிக்கெட்டில் இருக்கும் நேரம் எது?

கேட்டிலிருந்து நகரத் தொடங்குவதிலிருந்து அந்தப் பக்கம் கேட்டில் நிற்பது வரைதான் டிக்கெட்டில் உள்ள நேரம். காற்றில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. தாமதமாகிவிடக் கூடாது என்று நிறுவனங்கள் சற்றுக் கூட்டியும் எழுதுகின்றன. ஹீத்ரோவுக்கு இது தேவைதான். இரண்டே ரன்வேக்களில் நாள் முழுக்க நெரிசல். போவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம் என்ற நான்கு இடங்களில் விமானங்கள் வானிலேயே வட்டமடித்து முறைக்குக் காத்திருக்கும். முதன்முறை போகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்புக்குப் பின் கால் மணி நேரம் சுற்றினால் பயந்துவிடுவார்கள்.

படி 6: இரண்டு கடிகாரங்கள்

இந்திய நேரம் ஆண்டு முழுக்க மாறாது. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். 2026-இல் அவை மார்ச் 29, அக்டோபர் 25. ஆகவே கோடையில் நாம் நாலரை மணி நேரம் முன்னே, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் முன்னே. விமான அட்டவணைகளின் கோடை, குளிர்காலப் பருவங்களும் இதே ஞாயிறுகளில்தான் மாறுகின்றன. அக்டோபர் கடைசியில் பயணம் என்றால் பழைய நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், மறுபடி பாருங்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். காலை 5:30-க்கு ஏறி 11:00-க்கு இறங்குவதாக இருந்தால் ஐந்தரை மணி நேரப் பயணம் என்று அர்த்தமில்லை. குளிர்கால வித்தியாசம் ஐந்தரையைக் கூட்டினால் பதினொரு மணி நேரம்.

தேதியில்தான் பெரிய ஆபத்து. "15-ஆம் தேதி அதிகாலை 2 மணி" என்று டிக்கெட் இருந்தால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். வீட்டு நாட்காட்டியில் "14 இரவு கிளம்பல்" என்று எழுதி ஒட்டுங்கள். லண்டனிலிருந்து திரும்பும்போது மதியம் ஏறினால் சென்னையில் மறுநாள் அதிகாலை. அழைத்துவர வண்டி சொல்லும்போது இறங்கும் தேதியைச் சொல்லுங்கள், ஏறும் தேதியை அல்ல.

படி 7: வழியில் மாறிப் போனால்

துபாய் வழியாகப் போனால் ரொம்பச் சுற்று என்று நினைப்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது. சென்னை – துபாய் 2,930, துபாய் – லண்டன் சுமார் 5,500, மொத்தம் 8,430. நேரடித் தூரத்தைவிட 200 கிலோமீட்டர்தான் அதிகம், கால் மணி நேரப் பறப்பு. மற்ற நேரமெல்லாம் தரையில் போகிறது: இன்னொரு முறை இறங்கி ஏறுவது, நடுவில் காத்திருப்பது. எனவே இணைப்பு விமானங்களை ஒப்பிடும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், நடுவில் எத்தனை மணி நேரம், அது இரவின் எந்தப் பகுதி என்று பாருங்கள். வயதானவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி வேண்டாம், ஐந்துக்கு மேலும் வேண்டாம்.

இரண்டு கட்டமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால் பொறுப்பேற்க யாரும் வரமாட்டார்கள், பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். ஐரோப்பிய நகரம் வழியாக என்றால் ட்ரான்சிட் விசா தேவையா என்று டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். நடக்க முடிகிறவர்களுக்கும் இதைச் சொல்வேன், ஹீத்ரோவில் கேட்டிலிருந்து இமிகிரேஷன் வரையிலான நடை நீளமானது.

படி 8: வீட்டிலிருந்து வீட்டுக்கு

வேலூரிலிருந்து கிளம்பி லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார்கள் என்று வைப்போம். தமிழர்கள் நிறைய வாழும் பகுதி அது. மாதம் ஜனவரி, விமானம் காலை 5:30.

மூன்று மணி நேரம் முன்னதாக, 2:30-க்கு, மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். வேலூரிலிருந்து காரில் மூன்று மணி நேரம் என்றால் முந்தைய இரவு 11:30-க்குக் கிளம்பல். பதினொரு மணி நேரப் பயணத்துக்குப் பின் இறங்கும்போது இந்திய நேரம் மாலை 4:30, லண்டனில் காலை 11:00. இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஹீத்ரோ மேற்குக் கோடி, ஈஸ்ட் ஹாம் கிழக்குப் பக்கம். பிக்கடிலி ரயிலில் ஏறி டிஸ்ட்ரிக்ட் ரயிலுக்கு மாறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குள் நுழையும்போது அங்கே மதியம் 2:00, இங்கே இரவு 7:30. ஆக மொத்தம் இருபது மணி நேரம்.

சாப்பாடு, தூக்கம், மாத்திரை எல்லாவற்றையும் இந்த இருபது மணி நேரத்துக்குத் திட்டமிட வேண்டும். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: இந்திய நேரம், லண்டன் நேரம், செய்ய வேண்டியது. விமானத்தில் இருக்கும்வரை மாத்திரைகளை இந்திய நேரப்படியே போடுவது எளிது. இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் எந்த வேளையை எப்போது மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளட்டும். மருந்தும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல.

கிளம்பும் நாளில் விமான எண்ணை மறுபடி ஒருமுறை தேடி, புறப்படும் நேரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் தாளில் உள்ள எல்லா நேரங்களையும் அதே அளவு தள்ளி எழுதி, அதைப் படம் எடுத்து லண்டனில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிடுங்கள்.